ஒன்பது இஞ்ச் திரை

ஆகஸ்ட் 18, திங்கள்

பார்சல் வந்துவிட்டது. ஒன்பது இஞ்ச் திரை ஒன்று, ஸ்பீக்கர் நாலு, பின்பக்கம் மாட்டுகிற கேமரா ஒன்று, வயர் ஒரு பை நிறைய. 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று பெட்டி மேல் அச்சடித்திருக்கிறான். எல்லார் காலுக்கும் பொருந்துகிற செருப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. இதையாவது பார்ப்போம்.

வண்டி தொண்ணூற்றெட்டாம் வருஷத்து வேன். கல்யாண வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆன மறுவருஷம் வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டேன். இரண்டு அடுப்பு, தண்ணீர் டிரம், காற்றாடி எல்லாம் வைத்தேன். மகள் பகவதி இதற்குக் கேம்பர் வேன் என்று பெயர் சொல்கிறாள். தெருக்காரர்கள் 'ஓடுற வீடு' என்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் ஊர் சனத்தையெல்லாம் ஏற்றி இறக்கினவன் நான். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போனது மூன்றே மூன்று தடவை. வடிவு அதைச் சொல்லிக் காட்டுவதில்லை, மூன்று என்ற கணக்கை மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை திருப்பூரில் பகவதிக்கு வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு அவளைத் தலைப்பிரசவத்துக்குப் பாளையங்கோட்டைக்குக் கூட்டி வர வேண்டியது எங்கள் பொறுப்பு. முந்நூறு கிலோமீட்டருக்கு மேலே. "வாடகைக் கார் ஏற்பாடு பண்ணட்டுமா மாமா?" என்று மாப்பிள்ளை ராஜவேல் கேட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் நாற்பதுக்கு மேல் வேகம் போனால் ஸ்டீரியங்கைப் பிடித்துச் சாமி கும்பிடுகிறவர். கட்டில் போட்ட வண்டி வீட்டில் நிற்கும்போது ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி காரில் காலை மடக்கி உட்கார்ந்து வருவதா? நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளை பாட்டுக் கேட்டுக்கொண்டு வரட்டும் என்றுதான் இந்த செட். கேமரா அதோடு சேர்ந்தே வந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் கை வைத்தேன். பழைய கேசட் செட் இரண்டு பக்கமும் துருப்பிடித்த தகட்டில் உட்கார்ந்திருந்தது. பல்லைப் பிடுங்குவது போல் ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டியதாயிற்று. மூன்று ஸ்க்ரூ கைக்கு வந்தது. நாலாவதைக் கீழே போட்டேன்; காணவில்லை. அரை மணி நேரம் தேடினேன். வடிவு காப்பி கொண்டு வந்தவள், குனிந்து என் இடது முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"இங்கனதான கெடக்கு" என்றாள்.

நிழல் விழுந்திருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

மழைத் தூறல். வேலை ஓடவில்லை. காலையில் சொட்டு, மாலையில் சொட்டு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வண்டியின் இடப்பக்கம் பின் சக்கரத்துக்கு மேலே ஒரு முழத்துக்குக் கீறல் இருக்கிறது. யாரோ உரசியிருக்கிறார்கள். கீறலில் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது. எங்கள் கேட் தூணும் அதே உயரத்தில் உதிர்ந்திருக்கிறது. வண்டியும் என்னுடையது, தூணும் என்னுடையது. உரசியவன்தான் யாரென்று தெரியவில்லை.

ஜூலையில் கண்ணாஸ்பத்திரிக்குப் போனதைப் பற்றி இதில் எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றி எங்கேயாவது வெளிச்சப் புள்ளி வந்தால் பட்டனை அமுக்க வேண்டும். நான் கெட்டிக்காரன், புள்ளி தெரியாதபோதும் உத்தேசமாக அமுக்கிக்கொண்டிருந்தேன். அதையும் மெஷின் கண்டுபிடித்துவிடுகிறது. டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசுதான். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டதாம். இரண்டு கண்ணிலும் இடப்பக்கம் போனது போனதுதானாம். சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றத்தானாம். இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார். உங்களுக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். பிறகு எதற்குப் பேச்சு?

அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தை வேனில் டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வடிவிடம் தூசி அலர்ஜி என்று சொல்லியிருக்கிறேன். எதிரே வருகிறதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிகிறது. நேற்றுக்கூடத் தூரத்தில் வந்த பஸ்ஸின் போர்டைப் படித்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சவரிமுத்து வந்தான். இருபத்திரண்டு வருஷம் என் வண்டியில் கண்டக்டர். நான் ஓட்ட, அவன் விசிலடிக்க, திருநெல்வேலிக்கும் கோயம்புத்தூருக்கும் இடையில் நாங்கள் மிதிக்காத குழி இல்லை. பஸ் டிரைவருக்கு இடது கண் கண்டக்டர்தான் என்பார்கள். பின்னால் நின்று அவன் "வரலாம், வரலாம்" என்றால் கண்ணை மூடிக்கொண்டு வருவேன்.

பழைய ஓட்டை இரண்டு இஞ்ச் உயரம். புதுத் திரைக்கு ஐந்தரை வேண்டும். ஆக்சா பிளேடில் துணியைச் சுற்றிக்கொண்டு டேஷ்போர்டை அறுத்தேன். இருபத்தேழு வருஷத்துப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. சவரி ஸ்கேல் பிடித்தான்.

"அண்ணாச்சி, கோட்டுக்கு இடப்பக்கம் போறிய."

"கோட்டு மேலதாம்டே போறேன்."

"இல்ல, அரை இஞ்ச் விலகிட்டு. இங்க பாருங்க."

பார்த்தேன். விலகித்தான் இருந்தது. சவரி என்னைப் பார்த்தான், நான் பிளேடைப் பார்த்தேன். பிளேடு மழுங்கிவிட்டது என்று வேறு மாற்றினேன். அரை இஞ்சைத் திரையின் சட்டம் மறைத்துக்கொள்ளும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மஞ்சள் வயர் நேராகப் பேட்டரிக்கு, சிவப்பு வயர் சாவிக்கு, கறுப்பு பாடிக்கு. இவ்வளவுதான் வித்தை. நான் நேற்று ராத்திரி கூடுதல் புத்தியில், சாவி இல்லாமலும் பாடட்டுமே என்று மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிப் பேட்டரிக்கே கொடுத்தேன். காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. திரை ராத்திரி முழுக்கத் தூங்காமல் அதைக் குடித்திருக்கிறது. அதிகப் புத்தி பேட்டரிக்கு ஆகாது. பிரித்துத் திரும்பக் கொடுத்தேன், நடுவில் ஃபியூஸும் போட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. திரை எரிந்தது! பாட்டும் வந்தது. ஆனால் பாட்டோடு சேர்ந்து ஒரு கொசுவும் பாடியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கொசுவும் சுருதி ஏற்றுகிறது. எர்த் சரியில்லை. கறுப்பு வயர் மாட்டின இடத்தில் பெயிண்டை உப்புத்தாளால் சுரண்டி வெள்ளித் தகடு தெரிந்த பிறகு இறுக்கினேன். கொசு செத்தது.

சவரி கொழுக்கட்டைக்கு வந்திருந்தான். வேதக்காரன்தான், ஆனால் கொழுக்கட்டை விஷயத்தில் எல்லா மதத்திலும் சேருவான். மூன்று பேரும் வேனுக்குள் கட்டிலில் உட்கார்ந்து தின்றோம். என் போனைத் திரையோடு சேர்த்துப் பகவதியைக் கூப்பிட்டேன். ஒன்பது இஞ்சுக்கு அவள் முகம் வந்தது. கன்னம் பூசினாற்போல் இருந்தது.

"யப்பா, வண்டிக்குள்ள டிவியா? யம்மா, உனக்கு வந்த வாழ்வப் பாரேன்."

"கால் வீக்கம் எப்படி இருக்குட்டி?" என்றாள் வடிவு.

"அப்பிடியேதான் இருக்கு. உக்காந்தா இடுப்பு விட்டுப்போகுது."

"நீ உக்கார வேண்டாம். படுத்துக்கிட்டே வரலாம்" என்றேன்.

வடிவு மெத்தைக்குப் புது உறை தைத்திருக்கிறாள். சின்னதாக ஒரு தலையணையும் தைத்திருக்கிறாள். பிறந்த பிறகு திரும்பக் கொண்டுவிடும்போது பிள்ளைக்காம். இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து எத்தனை காலமாயிற்று. அதைக் கெடுக்க என்னால் முடியாது, முடியவே முடியாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கேமரா மாட்டினேன். கட்டிலுக்கு அடியில் தரை விரிப்புக்குக் கீழே வயரைப் பின்கதவு வரை இழுத்து, ரிவர்ஸ் விளக்கிலிருந்து கரண்ட் எடுத்தேன். ரிவர்ஸ் கியர் போட்டால் பாட்டு நின்று திரையில் பின்பக்கம் தெரிய வேண்டும். தெரிந்தது. மதில் சுவர் பளிச்சென்று செங்கல் செங்கலாக.

கேமரா வயரின் நடுவில் பச்சையில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு சின்ன வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கேயும் போகாமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருந்தது. டிப்போவில் ஒரு வண்டிக்கு அடியில் இப்படி வயர் தொங்கினால் அன்றைக்கு அது வெளியே போகாது. தொங்குகிற வயர் தீப்பிடிக்கிற வயர். இரண்டையும் வெட்டி டேப் சுற்றினேன். குறிப்புப் புத்தகத்தின் எழுத்து எறும்பு சைஸில் இருக்கிறது, அதை யார் படிக்கிறது?

இனிப் பின்னாலும் கண் உண்டு. உண்மையைச் சொன்னால், மனசிலிருந்து ஒரு கல் இறங்கினது போல இருக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சவரிக்குக் கால் ஒடிந்துவிட்டது.

செப்டம்பர் 1, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

காலை பத்து மணி. வேனைத் தெருவிலிருந்து கொட்டகைக்குள் ரிவர்ஸில் விட்டுக் கேமராவைச் சோதிக்கலாம் என்றேன். சவரி பழைய வழக்கப்படி பின்னால், இடப்பக்க மூலையில், மதிலை ஒட்டி நின்றுகொண்டான். "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுத்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். திரையில் சவரி வலது ஓரத்தில் நின்றான். சரி, வலப்பக்கம் நிற்கிறான், இடப்பக்கம் காலி என்று வண்டியின் பின்புறத்தை இடப்பக்கமாகக் கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, எங்கிட்டு வாறிய? வலப்பக்கம் ஒடிங்க!" என்று கத்தினான்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் குரலை நான் நம்பவில்லை. திரையில் இடம் கிடக்கிறதே, இவனுக்குத்தான் வயசாகிவிட்டது என்று நினைத்தேன். "நிப்பாட்டுங்க!" என்றான். அப்புறம் வார்த்தை இல்லை, ஒரு சத்தம்தான் வந்தது. மதிலுக்கும் பம்பருக்கும் நடுவில் அவன் கால்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிற்று. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தான். டாக்டர் கேட்டபோது நான் வாயைத் திறக்குமுன் அவனே சொன்னான்: "கால் வழுக்கி வண்டிக்குக் குறுக்க போயிட்டேன் சார். டிரைவர் மேல தப்பில்ல." அதையே வடிவிடமும் சொன்னான். அவன் பெண்டாட்டி ஆரோக்கியத்திடமும் சொன்னான்.

எங்கள் தொழிலில் அப்படித்தான். வண்டி எதிலாவது உரசினால் டிப்போவில் கண்டக்டரிடம் எழுத்தில் ஸ்டேட்மெண்ட் வாங்குவார்கள். நல்ல கண்டக்டர் டிரைவரை விட்டுக்கொடுக்க மாட்டான். சவரி எனக்காக இரண்டு எழுதியிருக்கிறான். ஒன்று ஒரு மாட்டு வண்டி, இன்னொன்று ஒரு டீக்கடைப் பந்தல். இரண்டிலும் தப்பு என் மேல் இல்லை. பந்தலில் பாதி உண்டு. விபத்தே இல்லாத டிரைவர் என்று எனக்கு மெடல் கொடுத்த அன்று அவன்தான் முதலில் கைதட்டினான்.

நேற்று சொன்னது மூன்றாவது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மறுக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்! கண்ணில்லை, வயர்தான். பூதக்கண்ணாடி வைத்துக் குறிப்பைப் படித்தேன். அந்த இரண்டு வளையமும் சும்மா தொங்கவில்லை. பச்சையை வெட்டினால் திரையில் தூரம் காட்டுகிற கோடு வராது. வெள்ளையை வெட்டினால் படம் இடம் வலமாக மாறிவிடும். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி தெரிய வேண்டிய படம் மாறித் தெரிந்திருக்கிறது. சவரி இடப்பக்கம் நின்றான், திரை வலப்பக்கம் காட்டியது. யார் ஓட்டியிருந்தாலும் இடித்திருப்பான்.

இரண்டு வயரையும் ஈயம் வைத்து ஒட்டினேன். படம் சரியாகிவிட்டது. ஒரு பக்கம் வாளி, ஒரு பக்கம் விளக்குமாறு வைத்து நாலு தடவை பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை போன் பண்ணினார். கார் வேண்டாம், பதினொன்றாம் தேதி வியாழன் காலை கிளம்பி வருகிறோம் என்றேன்.

செப்டம்பர் 4, வியாழன்

வடிவை இடப்பக்க சீட்டில் உட்கார வைத்து நெடுஞ்சாலை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். நல்லாத்தான் ஓட்டினேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதலில் பேசாமல் வந்தாள். மார்க்கெட் திருப்பத்தில் "சைக்கிளு" என்றாள். பிறகு "ஆட்டோ." பிறகு "ஏங்க, பொம்பள, பொம்பள!" பாட்டை நிறுத்தினேன்.

"நீ என்ன கண்டக்டரா? எனக்குத் தெரியாதா?"

அதற்கப்புறம் அவள் இரண்டு கையாலும் முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் இறங்கின பிறகும் கையை விடச் சற்று நேரமாயிற்று. மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பொம்பளையை நான் பார்க்கவே இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாள், என்ன புடவை, ஒன்றும் தெரியாது.

செப்டம்பர் 6, சனி

சவரியைப் பார்க்கப் போனேன். மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான். ஆரோக்கியம் எனக்குச் சீனி இல்லாத டீ போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கேமரா வயர் விஷயத்தை விளக்கமாகச் சொன்னேன். பச்சை, வெள்ளை எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். கோவப்படப்பிடாது."

"கேளு."

"அன்னைக்கு நான் இடப்பக்கக் கண்ணாடியில நெறஞ்சு நின்னேன். உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். முந்தியெல்லாம் தலையத் திருப்பாமலே என்னையப் பாத்துருவிய. கூட்டத்துக்குள்ள ஒத்தக் கையத் தூக்குனாலும் ஒங்களுக்குத் தெரியும். அன்னைக்கு நான் ரெண்டு கையையும் ஆட்டுனேன்."

"படம் மாறித் தெரிஞ்சிருக்குடே. வயரு தப்பு."

"படம் மாறட்டும். கண்ணாடி மாறாதுல்லா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. சுவரில் மாதா படத்துக்குக் கீழே அவனுடைய பழைய விசில் தொங்கியது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளா?" என்றான்.

"ஒரு வருஷமா இருக்கும்." வாய்விட்டு நான் சொல்வது இதுதான் முதல் தடவை. "டாக்டர் ஜூலையிலயே சொல்லிட்டாவ."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

"ஓட்டாதியன்னு நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. ஒங்களுக்கு எதுத்து நான் என்னைக்கும் பேசுனதில்ல. மூணு ஸ்டேட்மெண்ட் குடுத்திருக்கேன். பகவதிப் பாப்பாவ ஏத்திக்கிட்டு வரும்போது ஒண்ணு ஆச்சுன்னா அதுக்கும் என்கிட்டதான் வந்து கேப்பாவ. என்ன சொல்லணும்னு இப்பவே சொல்லிட்டுப் போயிருங்க. நான் மனப்பாடம் பண்ணி வச்சிக்கிடுதேன்."

குத்திக்காட்டவில்லை அவன். நிஜமாகவே கேட்டான். நான் என்ன சொன்னாலும் அதைச் சொல்லியிருப்பான்.

எழுந்து வந்துவிட்டேன். வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டேன். அவன் பார்த்திருப்பான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

சீட்டுக்கு அடியிலிருந்த காகிதத்தை எடுத்து வடிவு கையில் கொடுத்தேன். படித்துச் சொல்லவும் செய்தேன். அவள் வளையல் டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ணுவதை நிறுத்தவில்லை. கண்ணாடி வளையல் பத்து டஜன், எல்லாம் எண்ணி முடித்த பிறகுதான் பேசினாள்.

"ஒரு வருஷமா நீங்க நெலையிலயும் கதவுலயும் இடிச்சுக்கிட்டு அலையுறதப் பாக்கேன். டம்ளர இடப்பக்கம் வச்சா தட்டி விட்டுருதிய, அதான் வலப்பக்கமே வைக்கேன். கண்ணுன்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்?"

"பின்ன ஏன் கேக்கல?"

"கேட்டா வண்டி நின்னுரும்லா." டப்பாவை மூடினாள். "எனக்கும் ஆசை இருக்காதா? இப்பத்தான் வாழ்க்கையில மொத தடவையா எங்கயாவது போவோம்னு ஒரு வண்டி வந்திருக்கு. வாயத் தொறந்தா அதுவும் போயிரும். அதான் மூடிக்கிட்டு இருந்தேன். நீங்க மறச்சிய, நான் பாக்காத மாதிரி இருந்தேன். சவரி அண்ணன் காலு ரெண்டு பேரு கணக்குலயும்தான் உண்டு."

அவள் மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று. கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரியும்: சண்டை போட்டிருப்பேன், வீம்புக்காகவே இன்னும் நாலு ஊர் ஓட்டியிருப்பேன். கோபம் அவள் மேல் நிற்காமல் என் மேலேயே திரும்பிவிட்டது.

"பகவதிகிட்ட நான் பேசவா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். இந்த ஒரு ஸ்டேட்மெண்டையாவது நானே கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை பத்தரைக்கு, மாப்பிள்ளை ஆபீஸ் போயிருப்பார் என்று பார்த்துப் பகவதிக்கு போன் பண்ணினேன். எப்படிச் சொல்வது என்று ராவெல்லாம் நாலு விதமாக யோசித்து வைத்திருந்தேன். அவள் குரல் கேட்டதும் நாலும் மறந்துவிட்டது.

"மாப்பிள்ளைய ஒரு கார் பிடிக்கச் சொல்லும்மா. நானும் அம்மையும் பஸ்ஸுல வந்துருதோம். வேன எடுக்கல."

"ஏம்ப்பா? வண்டிக்கு என்ன ஆச்சு?"

வண்டியில் கோளாறு என்று சொல்லிவிடலாம். அவளே எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு நொடி அந்த ஆசை வந்தது, எழுதுவதற்கு என்ன வெட்கம், வரத்தான் செய்தது.

"வண்டி நல்லா இருக்கு. எனக்குத்தான் கண்ணு தெரியல. இடப்பக்கம் சுத்தமா இல்ல. சவரி மாமா வழுக்கி விழல, நான்தான் இடிச்சேன்."

அவள் வீட்டுக் குக்கர் விசிலடிப்பது கேட்டது.

"டாக்டரப் பாத்தியளா?"

"பாத்தேன். ஓட்டப்பிடாதுன்னுட்டாவ."

"எப்ப?"

"ஜூலையில."

அவள் மனசுக்குள் மாதத்தை எண்ணுவது எனக்குத் தெரிந்தது. வளைகாப்புக்கு நாள் குறித்ததும், கார் வேண்டாம், நானே வருகிறேன் என்று நான் சொன்னதும் ஆகஸ்டில்.

"அதுக்குப் பெறகுதானப்பா நீங்க வாறேன்னு சொன்னிய?"

"ஆமா."

அழவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சின்னப் பிள்ளையில் காய்ச்சலில் பேசுவாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

"நீங்க சொல்லாம வந்திருந்தா, நான் ஏறிப் படுத்திருப்பேனே யப்பா. ஒத்த வார்த்த கேட்டிருக்க மாட்டேன். திண்டுக்கல் தாண்டுறதுக்குள்ள தூங்கியிருப்பேன்."

குக்கரை இறக்கணும் என்று சொல்லி அவள்தான் போனை வைத்தாள்.

தூங்கியிருப்பாள். நானும் ஓட்டியிருப்பேன்.